ஜெனோவாவின் எடை

சவேரியார்பட்டினத்தில் கஸ்பாரின் ஒரே மகள் ஜெனோவா ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். அவளைப் பெட்டியில் வைத்துத் தூக்கிய நாலு பேரும் வெறும் பெட்டியைத் தூக்கினவர்கள்போல் தடுமாறி, பாவம் பிள்ளை நோயில் இளைத்துவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம், துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கடுங்காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, முற்றத்துப் பூவரச மரத்தில் வலைக்கயிற்றால் கட்டியிருந்த ஊஞ்சல், யாரும் ஏறாமலே தாழ்ந்து, கயிறு விறைத்து, கிளை ஒருமுறை முனகி, மெள்ள ஆடத் தொடங்கியது. ஜெனோவா போய்விட்டாள், அவள் எடை மட்டும் போகவில்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது.

அவள் அம்மா தெக்லாவுக்கு அது இன்னும் கிட்டத்தில் தெரிந்தது. உயிரோடு இருந்த காலத்தில் பிள்ளைக்கு அம்மாவின் வயிற்றின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போடாவிட்டால் தூக்கம் வராது. அடக்கம் முடிந்த அன்றும் அந்தக் கால் வந்து அதே இடத்தில் விழுந்தது. தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் படவில்லை, ஆனால் பாரம் இருந்தது, சேலை அந்த இடத்தில் குழிந்திருந்தது. தெக்லா கத்தவில்லை, யாரையும் எழுப்பவில்லை. "எடுத்திராத மக்கா, அப்படியே இரி," என்று மட்டும் சொல்லிவிட்டு, விடிகிற வரைக்கும் மூச்சைக்கூட ஏற இறங்க விடாமல் மல்லாந்து கிடந்தாள்.

ஊர் என்றால் பேசும். பேசி அலுத்த பிறகு பழகிக்கொள்ளும். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்து, "ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயாச்சு, உடம்பு மண்ணுக்குள்ள இருக்கு, அது ரெண்டையும் பத்தித் திருச்சபை தெளிவாச் சொல்லியிருக்கு. எடையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, அதனால நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று உபதேசியார் இழுத்ததற்கு, அவர்களுக்கு இருக்கிற தலைவலி போதாதா என்று அனுப்பிவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தெக்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரும் அளவு இடம் விட்டுத்தான் பெண்கள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் முழங்கால் போடும்போது அந்த இடத்தில் பலகை கிரீச்சென்று சத்தம் போடும், சாமியார் ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே வாசிப்பார். ஷேர் ஆட்டோக்காரன் பின்பக்கம் திரும்பிப் பார்த்து, "பிள்ளை ஏறியாச்சா?" என்று கேட்டு, டயர் அமுங்கினதும் வண்டியை எடுப்பான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நெருக்கியடித்து வருகிற பெண்கள்கூட அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள், ஆனால் ஆட்டோ வளைவில் திரும்பும்போது ஒரு கையை அங்கே அணைகொடுத்து வைத்துக்கொள்வார்கள்.

துறைமுகத்தில்தான் கொஞ்சம் வம்பு வந்தது. ஏலக்கூடத்தின் எடைத்தட்டில் ஏறி நின்று முள் சுற்றுவதைப் பார்ப்பது ஜெனோவாவுக்கு உயிரோடு இருந்தபோதே பெரிய விளையாட்டு. செத்த பிறகும் அவள் அதை விடவில்லை. ஒரு கூடை சாளை மீன் இரண்டு கூடை எடை காட்டினால் வியாபாரி சும்மா இருப்பானா? எடை போடுகிற மச்சாதுவுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் கைகலப்பு வரைக்கும் போனது. பிறகு மச்சாதுவே ஒரு வழி கண்டுபிடித்தார். கூடையை வைப்பதற்கு முன்னால் தட்டைப் பார்த்து, "ஜெனி, இறங்கு மக்கா," என்பார். சில சமயம் உடனே முள் பூஜ்யச் சுழிக்கு வந்துவிடும். சில சமயம் பிள்ளை பிகு பண்ணிக்கொண்டு நிற்கும், அப்போது, "ஏட்டி, மாமாவுக்கு வேலை கிடக்குல்லா," என்று கெஞ்ச வேண்டியிருக்கும். ஜெனோவா வீட்டு முற்றத்தில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிற நாளிலும்கூட, எதற்கு வம்பு என்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் யாரும் கூடையை வைப்பதில்லை என்று ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஏற்றுமதிக்காரர்கள் அது ஏதோ இந்தக் கரையின் வழக்கம் என்று நினைத்து, அவர்களும் சொல்லப் பழகிவிட்டார்கள்.

அதே ஏலக்கூடத்தின் ஓரத்தில்தான் கஸ்பாருக்கு வேலை. மீனும் ஐஸும் போட்டு அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் உடைந்து வந்தால், நல்ல துண்டை அறுத்து எடுத்து, ஒட்டி, பசையில் நனைத்த துணியை மேலே சுற்றிக் காயவைத்துப் புதுப்பெட்டிபோலக் கொடுத்துவிடுவான். துணி காய்ந்தால் மத்தளம்போல விறைத்துக்கொள்ளும், ஒரு ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பது அறுப்பதும் ஒட்டுவதும் அல்ல, கல் வைப்பது. கடல்காற்று ஓயாத இடம் அது. வெறும் பெட்டியைத் தரையில் வைத்த அடுத்த நிமிஷம் அது தண்ணீரில் கிடக்கும், பிறகு அதன் பின்னால் ஓடவேண்டும். அதனால் பெட்டியை வைத்த கையோடு உள்ளே ஒரு கல்லைப் போடுவார்கள். மீன் வரும்போது கல்லை எடுப்பார்கள். கஸ்பாருக்கு அது கண்ணிமைப்பதுபோல, தான் செய்கிறோம் என்பதே தெரியாது.

இனி அந்த வெள்ளைக்காரர்களின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்சாதியும் வீடு மாதிரி ஒரு வண்டியைக் கொண்டுவந்து கடற்கரையில் நிறுத்தி, ஒரு வாரம் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, துணி காயப்போட்டு, பிறகு வீட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜெனோவா அந்த வண்டியின் ஜன்னலில் தொங்கியே அந்த வாரத்தைக் கழித்தாள். கட்டில் இருந்ததாம், அடுப்பு இருந்ததாம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை இருந்ததாம்.

"யப்பா, நமக்கும் ஒண்ணு செஞ்சு தாங்கப்பா. காத்தாடி மில்லு நிக்கிற ஊருக்குப் போவோம். பஸ்ஸிலேருந்து தூரத்துல பாத்தோம்லா, அதுக்கு அடியில நிப்பாட்டித் தூங்குவோம்."

"இரும்புக்கும் பலகைக்கும் எங்க போறது மக்கா?"

"தெர்மாகோல்லயே செய்யலாம்லா. உங்களுக்குத்தான் நல்லாச் செய்யத் தெரியுமே."

கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தான். "காத்தடிச்சாப் பறந்து போயிருமே!"

"எப்படிப் பறக்கும்? நாந்தான் உள்ள இருப்பேன்லா," என்றாள் ஜெனோவா.

சரி, செய்வோம், கோடை போகட்டும் என்றான். கோடை போனது, மழை போகட்டும் என்றான். வேண்டுமென்று தள்ளிப்போடவில்லை. பிள்ளை கேட்கிற எல்லாவற்றையும் எந்தத் தகப்பன்தான் மறுநாளே செய்துவிடுகிறான்? மழை போவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

வருஷங்கள் போயின. எடை வளர்ந்தது. அதை முதலில் சொன்னவர் மச்சாதுதான். "உம்ம மவ கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டா வே," என்று அவர் சொல்ல, கஸ்பார் முள்ளைப் பார்த்தான், அது போன பெருநாளைக்கு நின்ற இடத்தைத் தாண்டி நின்றது. அம்மாவின் வயிற்றில் விழுகிற காலும் கனத்தது. ஊஞ்சல் கயிற்றை மாற்றிக் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் ஜெனோவா எங்கேயும் போகாமல் அடுக்களை மூலையில் போட்டிருந்த சாக்கின்மேல் குழிந்து உட்கார்ந்துகொண்டாள். ஊஞ்சலுக்கு வரவில்லை, ஏலக்கூடத்துக்கு வரவில்லை, கூப்பிட்டாலும் சாக்கு அசையவில்லை. என்னவோ ஏதோ என்று கஸ்பார் பதற, அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, ஆம்பிளைகளெல்லாம் வெளியே போங்க என்று விரட்டிவிட்டு, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாகக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாக்கின் முன்னால் வைத்துக் கும்மாளமடித்து, கடைசியில் அத்தனையையும் தெக்லாவே தின்ன வேண்டியதாயிற்று. தின்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே தின்றாள்.

அன்றைக்குத்தான் கஸ்பாருக்கு ஒன்று உறைத்தது. அவனிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். பிள்ளை இப்படியே வளர்ந்தால், இன்னும் கொஞ்ச காலத்தில் அது அவளை இழுக்காது. அதற்குள் அந்த வண்டியைச் செய்து, அவளைக் காற்றாலைக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால், பிறகு எப்போதுமே இல்லை.

தெக்லா சம்மதிக்கவில்லை. "அவ இங்கன இருக்கா, ஊஞ்சல் ஆடுதா, எங்கூடத் தூங்குதா. உங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? தெரியாத ஊருல கொண்டு விட்டுட்டு வரப் போறீயளா?"

"நான் எதுக்கு விடுதேன்? அவ கேட்டா. நான் தாறேன்னு சொன்னேன்."

"எத்தனையோ சொன்னீய."

கஸ்பார் போய் வேலையைத் தொடங்கினான். மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியின் சுவரிலிருந்து பிரித்தெடுத்த கெட்டித் தெர்மாகோல் பலகைகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம், நாலு விரல் தடிமன், கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைச் சுமந்து வந்து ஏலக்கூடத்துக்குப் பின்னால் மணலில் நட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து, மூங்கில் குச்சிகளை ஆணியாகச் செருகி, வெள்ளைப் பசையால் ஒட்டினான். மரம் வைத்தால் கனக்கும், இரும்பு வைத்தால் கனக்கும், கனத்தையெல்லாம் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். அடியில் உடைந்த ஐஸ் வண்டியின் இரண்டு சக்கரங்களும் சுருள்கம்பிகளும், முன்னால் மொபெட்டில் மாட்ட ஒரு மூங்கில் ஏர்க்கால், ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் ஜன்னல். கூரையை மட்டும் கவிழ்த்த வள்ளம்போல வளைத்தான், அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போகையில் உள்ளே நாலு மூலையிலும் நாலு கல்லை வைத்துவிட்டுத்தான் போனான்.

பசையும் பலகையும் கிடைத்துவிட்டன, ஆனால் அவ்வளவு பெரிய கூட்டுக்குச் சுற்றத் துணிக்கு எங்கே போவது? கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மச்சாது தன் இரண்டு வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். ஆட்டோக்காரன் கைலி கொண்டுவந்தான். பூசையில் இடம் விட்டு உட்கார்ந்த பெண்கள் சேலைகளையும், போர்வைகளையும், முதல் நற்கருணையான புதுநன்மைக்குத் தைத்துப் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன வெள்ளைக் கவுன்களையும் கொண்டுவந்தார்கள். சாமியார் சப்பரத்தின் பழைய நீலப்பட்டுத் திரையை மடித்து உபதேசியார் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, தான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து துணியைப் பசையில் முக்கி, பிழிந்து, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினார்கள். வெயிலில் துணி விறைக்க விறைக்க, யார் வீட்டுத் துணி எங்கே இருக்கிறது என்று காட்டிக்காட்டிப் பேசினார்கள். ஊரே அந்தச் சுவர்களில் இருந்தது. உச்சிக்கூரையில் மட்டும் ஒரு பாய் அளவுக்குத் துணி போதவில்லை, வெறும் தெர்மாகோல் தெரிந்தது.

தெக்லா அதுவரைக்கும் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு மத்தியானம் வந்தாள். கையில் ஜெனோவாவின் சிவப்புப் போர்வை இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது போர்த்தியிருந்தது, அதன்பிறகு துவைக்கவேயில்லை. புருஷனிடம் கொடுக்காமல் தானே அதைப் பசைச்சட்டியில் முக்கினாள், தானே ஏணியில் ஏறி ஒட்டினாள், உள்ளங்கையால் திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்தாள். இறங்கி வந்து, "கூட்டிட்டுப் போங்க. ஆனா கூட்டிட்டு வந்திரணும்," என்றாள்.

"நீயும் வாயேன்."

"மூணு பேரை அது இழுக்குமா? பிள்ளை இடத்தை நான் எடுத்துக்கிடவா?" என்றாள்.

வண்டி முடிந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அத்தனை லேசு. கிளம்புகிற அன்று தெரு முழுக்க வந்து நின்றது. கஸ்பார் கதவைத் திறந்து, "ஏறு மக்கா," என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுருள்கம்பிகள் மெதுவாக அமுங்கின, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நேராகி நின்றது, ஜன்னலோரம் விரித்திருந்த மெத்தை குழிந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மச்சாது உள்ளே குனிந்து, நாலு மூலையிலிருந்த நாலு கல்லையும் எடுத்து வெளியே போட்டார்.

"ஆடி மாசம், காத்து பலமா இருக்குமே வே," என்றார்.

"பிள்ளை உள்ள இருக்கால்லா," என்றான் கஸ்பார்.

மொபெட் சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டினார்கள். எத்தனையோ நிறத்தில் ஒட்டுப்போட்டு, உச்சியில் சிவப்பு வைத்து, மீன் நாற்றத்தோடு போகிற அந்தக் கூட்டைப் பார்த்து, இது என்ன சாமி சப்பரமா என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். வழியில் ஒரு போலீஸ்காரர் மறித்து உள்ளே யார் என்றார். எம் பிள்ளை என்றான் கஸ்பார். அவர் எட்டிப் பார்த்தார், யாருமில்லை. குழிந்த மெத்தையைப் பார்த்தார், அமுங்கின டயரைப் பார்த்தார், கஸ்பாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓரமாப் போங்க, பிள்ளையை வச்சிருக்கீங்க," என்று சொல்லி விட்டுவிட்டார். கஸ்பார் போகிற வழியெல்லாம் பின்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே போனான். இது திருநெல்வேலி மக்கா, இது வள்ளியூர், அந்தா மலை தெரியுது பாரு என்றான். மேட்டில் மொபெட் முனகும்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை பின்னால் இருக்கிறாள் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

பணகுடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் இருட்டிவிட்டது. ரொட்டியும் கருவாடும் தின்றுவிட்டு, கஸ்பார் உள்ளே ஏறி அவளுக்குப் பக்கத்தில் படுத்தான். கண்ணயர்கிற நேரத்தில் ஒரு கால் வந்து அவன் வயிற்றின்மேல் விழுந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கால் அம்மாவின்மேல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. அவள் சொல்லக் கேட்டிருக்கிறானே தவிர, அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கஸ்பார் அழுதான். அழுகையில் வயிறு குலுங்கினால் பிள்ளை விழித்துவிடுவாளே என்று பயந்து, அழுகையையும் அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுது வந்ததில்லை என்றே சொல்லலாம்.

காலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே காற்று ஆறுபோல ஓடுகிற இடம் அது. பனைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கண்ணுக்கு எட்டின மட்டும் காற்றாலைகள், ஒவ்வொரு இறக்கையும் ஒரு பெரிய விசைப்படகின் நீளம், தலைக்குமேல் உஸ் உஸ்ஸென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு காற்றாலையின் அடியில், இடுப்பளவு புல் காய்ந்து கிடந்த பொட்டலில், கஸ்பார் வண்டியை நிறுத்தினான். வெள்ளைக்காரர்களின் வீடு தனியாகத்தானே நின்றது, நம் பிள்ளையின் வீடும் தனியாக நிற்கட்டும் என்று மொபெட்டைக் கழற்றினான். ஏர்க்கால் தரையில் முட்டாமலிருக்க, குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினான். அந்தக் கையில் கல் இருந்தது. அந்தக் கைக்கு அதை எங்கே வைக்கவேண்டும் என்று தெரியும், பிழைப்பு தொடங்கின நாளிலிருந்து தெரியும். அவன் அதை ஏர்க்காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

"பாரு மக்கா. அப்பா சொன்னேம்லா."

சுருள்கம்பிகள் விரிந்தன. வண்டி ஒரு சாண் எழுந்து நின்றது. கதவுக்கு நேராகப் புல் அமுங்கியது. ஓர் அடி, அடுத்த அடி, பிறகு தாவித் தாவிக் காற்றாலைப் பக்கமாக ஓடுகிற அடிகள். எந்தப் பிள்ளைதான் இறங்கிப் பார்க்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்? கஸ்பார் இடுப்பில் கைவைத்து நின்று, பார்த்துப் போ ஏட்டி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

அது பெரிய சத்தம்கூட இல்லை. துணி உதறுகிற சத்தம்தான். வண்டி ஒரு பக்கம் தூக்கியது, ஏர்க்கால் கல்லைவிட்டு நழுவியது, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் சுற்ற, வேட்டியும் கைலியும் நீலப்பட்டும் புதுநன்மைக் கவுன்களுமாக அந்த வீடு எழும்பிவிட்டது.

வெறும் பெட்டி பறந்தால் பின்னால் ஓடுவதுதான் அந்தக் கரையில் பிறந்தவன் உடம்பு அறிந்த காரியம். கஸ்பார் ஓடினான். யோசிக்கவில்லை, கைகளை நீட்டிக்கொண்டு பொட்டல் முழுக்க ஓடினான், சிவப்புப் போர்வையையே பார்த்துக்கொண்டு ஓடினான். அது பனைகளுக்கு மேலே போய், இறக்கைகளுக்கு நடுவே புகுந்து, சிவப்புத்துளியாகிக் கிழக்கே போய்விட்டது. அப்போதுதான் அவனுக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தான். பொட்டல் முழுவதும் புல் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று சாய்த்த புல் எது, அவள் மிதித்த புல் எது? எல்லாப் புல்லும் சாய்ந்தது, எல்லாப் புல்லும் நிமிர்ந்தது. "ஜெனி," என்று கூப்பிட்டான். காற்று அந்தப் பெயரை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. காற்றாலையைச் சுற்றி வந்தான், மண்டியிட்டுத் தரையைத் தடவினான். வண்டி நின்ற இடத்துக்கு ஓடிவந்தான். அங்கே இரண்டு சக்கரத் தடமும் அந்தக் கல்லும் மட்டும் இருந்தன. அவள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாளோ, வந்து பார்த்தபோது வீடும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் இருந்திருக்குமோ என்ற நினைப்பு அப்போது அவனுக்குள் இறங்கியது. அது பிறகு ஒருநாளும் வெளியே போகவில்லை.

மொபெட்டின் பின்சீட்டைத் தட்டி, "ஏறு மக்கா, ஏறு, வீட்டுக்குப் போவோம்," என்றான். பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அமுங்கவில்லை. அன்றும் மறுநாளும் அங்கேயே இருந்தான். காற்றாலைக் காவலாளி சோறு கொண்டுவந்து கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், புல்லுக்குள் நடந்து நடந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் கஸ்பார் அந்தக் கல்லை எடுத்து மொபெட்டின் முன்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. மேட்டில் மொபெட் முனகவேயில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சவேரியார்பட்டினத்துக்குள் நுழைந்தபோது ஏலம் நடந்துகொண்டிருந்தது. மச்சாது கூடையைத் தூக்கி, வழக்கம்போல, "ஜெனி, இறங்கு மக்கா," என்றார். முள் ஏற்கனவே சுழியில்தான் நின்றது. நிமிர்ந்தவர் கஸ்பாரையும், மொபெட்டின் பின்னால் ஒன்றும் இல்லாததையும் பார்த்தார். கூடையை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஏலம் அதோடு நின்றது.

தெக்லா வாசலில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பின்டயரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். கஸ்பார் பின்னாலேயே போய், அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் கல்லு வைக்கல தெக்லா," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "பிள்ளை உள்ள இருக்கான்னு கல்லு வைக்கல."

அவள் அழுதாள், அவனைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள், பிறகு அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். முற்றத்தில் ஊஞ்சல் காற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. வெறும் ஊஞ்சல் அடித்துக்கொள்கிற அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் இதற்கு முன் யாரும் காதில் வாங்கியதேயில்லை.

பொழுது சாய்ந்ததும் பாயை விரித்தாள். நடுவில் பிள்ளைக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் அவனுக்கும் இந்தப் பக்கம் தனக்கும் தலையணை போட்டாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்து பாயின் நடுப்பகுதியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தெக்லா வெளியே போய், மொபெட்டின் முன்பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்துவந்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, நடுவில் வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "அவ வந்தா எடுத்துக்கிடலாம்."